சர்வீசுக்குக் காத்திருக்கும் கால்கள்

கரப்பந்தாட்டத்தில் எதிரணியின் சர்வீசை எடுக்கக் காத்திருப்பவர் தம் உடலை வைத்திருக்கும் விதத்துக்குத் தயார் நிலை என்று பெயர். முழங்கால்கள் மடிந்திருக்கும். குதிகால் தரையை அழுத்தாது. கைகள் பிரிந்து உடலுக்கு முன்னே இருக்கும். கண்கள் வலைக்கு அப்பால், பந்தோடு நிற்பவர் மீது இருக்கும். பார்ப்பதற்கு இவ்வளவுதான். ஆனால் தேயிலைத் தோட்டத்து மைதானம் ஒன்றில் பின்னேரம் நடக்கும் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் கவனித்தால், புள்ளிகள் எங்கே போகின்றன என்பது தெரிந்துவிடும். வலையோரம் எழும்பி அடிப்பதற்கு எல்லாப் பிள்ளைகளும் ஆசைப்பட்டுப் பழகியிருப்பார்கள். சர்வீசை எடுக்க நிற்கும்போதோ பலர் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நிற்பார்கள். பந்து காலடியில் விழுந்த பிறகுதான் குனிவார்கள்.

இலங்கைக்குக் கரப்பந்தாட்டம் வந்தது 1916ஆம் ஆண்டில், கொழும்பு வை.எம்.சி.ஏ. வழியாக. அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், அதே அமைப்பைச் சேர்ந்த வில்லியம் மோர்கன் 1895இல் இந்த ஆட்டத்தை உருவாக்கி இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. 1991இல் அது இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. மலையகத்தில் அது வேரூன்றியதற்கு நிலமும் ஒரு காரணம். கிரிக்கெட்டுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் வேண்டிய பரந்த சமதரை தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே கிடைப்பது அரிது. 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம், சுற்றிலும் கொஞ்சம் இடம் இருந்தால் கரப்பந்தாட்டத்துக்குப் போதும். நானுஓயா போன்ற இடங்களில் மலையை வெட்டிச் சமப்படுத்திய சிறு திடலில் இரண்டு கம்பம் நட்டு வலை கட்டிவிட்டால் ஆடுகளம் தயார். ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் பள்ளம். தவறிய பந்தை எடுக்கத் தேயிலைக்குள் இறங்க வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட திடலில் சர்வீசை ஒழுங்காக எடுக்கும் அணிக்கு ஆட்டமும் நன்றாக நடக்கும், பந்து பொறுக்கும் வேலையும் குறையும்.

தயார் நிலை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். சர்வீஸ் போடுபவர் தம் பக்கத்து எல்லைக் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறார். எடுப்பவர் வலையிலிருந்து ஆறு, ஆறரை மீற்றர் தள்ளி நிற்கிறார். இருவருக்கும் இடையே ஏறத்தாழ 15 மீற்றர். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் சாதாரண மேல்கை சர்வீஸ் இந்தத் தூரத்தைக் கடக்க ஒரு செக்கனுக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். பாய்ந்து அடிக்கும் சர்வீஸ் 100 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் அரைச் செக்கனும் கொஞ்சமும்தான் மிஞ்சும். இதில் கண் கண்டதை மூளை உணர்ந்து தசைக்குச் சொல்லவே கால் செக்கன் அளவு போய்விடுகிறது. எஞ்சிய நேரத்தில் நகர வேண்டும், நிற்க வேண்டும், கைகளைச் சேர்க்க வேண்டும். நிமிர்ந்து நிற்பவர் நகர்வதற்கு முன் முழங்காலை மடக்கியாக வேண்டும். மடங்காத காலால் தரையை உந்த முடியாது. அந்த மடக்கும் நேரத்தை முன்கூட்டியே செலவழித்து வைப்பதுதான் தயார் நிலை.

அது பாதத்திலிருந்து தொடங்குகிறது. பாதங்களுக்கு இடையே தோள் அகலம், அல்லது அதைவிடச் சற்று அதிக இடைவெளி வேண்டும். ஒரு பாதம் அரைப் பாத அளவு முன்னே இருக்கட்டும். எந்தப் பாதம் என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஆடுகளத்தின் இடது ஓரத்தில் நிற்பவர் இடது காலையும், வலது ஓரத்தில் நிற்பவர் வலது காலையும் முன்வைப்பது வழக்கம். அப்படி வைத்தால் உடல் தானாகவே உள்பக்கமாக, அடிப்பவருக்குப் பந்தை உயர்த்திக் கொடுக்கும் செட்டர் நிற்கும் திசைக்குத் திரும்பிவிடும். உடலின் பாரம் விரல்களுக்குப் பின்னால் இருக்கும் பாத மேட்டில் விழ வேண்டும். குதிகால் முழுவதும் தூக்கியிருக்கத் தேவையில்லை. குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி இழுக்க முடிந்தால் போதும்.

மழை நாளில் வழுக்கும் குறுக்குப் பாதையில் இறங்கிப் பழகிய எவருக்கும் இந்த நிலை புதிதல்ல. கூடையோடு மலையில் ஏறி இறங்குபவர்கள் முழங்காலை விறைப்பாக வைப்பதில்லை, குதிகாலை ஊன்றி நிற்பதில்லை, அடுத்த அடியை எந்தப் பக்கமும் வைக்கும்படி உடலைத் தளர்வாக வைத்திருப்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கால்களில் இந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. சமதரைக்கு வந்ததும் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள் என்பதுதான் குறை. பயிற்சி கொடுப்பவர் புதிதாக ஒன்றைக் கற்பிப்பதைவிட, அந்தப் பாதை நடையை நினைவுபடுத்துவது சுலபம்.

முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும் என்பதில் குழப்பம் உண்டு. கரப்பந்தாட்டத்தில் உயர்ந்த, நடுத்தர, தாழ்ந்த என மூன்று நிலைகள் பழகப்படுகின்றன. எதிரணி ஓங்கி அடிக்கும் பந்தைக் காக்கத் தாழ்ந்த நிலை. வலையோரம் தடுப்புக்கு எழும்ப உயர்ந்த நிலை. சர்வீஸ் எடுக்க நடுத்தரம். மிகவும் தாழ்ந்து குந்தியவர் நகர முடியாமல் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வார். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது முழங்கால் கால்விரல்களுக்குச் சற்று முன்னும், தோள் முழங்காலுக்குச் சற்று முன்னும் இருந்தால் அளவு சரி. மடங்குவது முழங்காலிலும் இடுப்பு மூட்டிலும் நடக்க வேண்டும். முழங்காலை நேராக வைத்துவிட்டு முதுகை மட்டும் வளைப்பது புதியவர்களிடம் மிக அதிகமாகக் காணும் பிழை. அப்படி நிற்பவருக்குத் தரை நன்றாகத் தெரியும், பந்து தெரியாது.

கைகளைப் பற்றிய தவறான எண்ணம் அதைவிடப் பரவலானது. பந்தை முன்கைகளில் எடுக்க வேண்டும் என்று கேள்விப்பட்ட பிள்ளை, சர்வீஸ் போடுவதற்கு முன்பே இரு கைகளையும் கோத்து நீட்டிக்கொண்டு நிற்கும். கோத்த கையோடு ஓடிப் பார்த்தால் அதில் உள்ள சிக்கல் விளங்கும். உடல் சமநிலை கெடும், அடி சுருங்கும், ஒரு பக்கம் சாய்ந்தால் மீள முடியாது. ஆகவே காத்திருக்கும்போது கைகள் பிரிந்தே இருக்க வேண்டும். முழங்கைகள் இலேசாக மடிந்து, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி, முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் உடலுக்கு முன்னால் இருப்பது நல்லது. பந்து எங்கே வருகிறது என்று தெரிந்து, அங்கே கால் போய்ச் சேர்ந்த பிறகே கைகள் ஒன்று சேர வேண்டும். சர்வீசை விரல்களால் தலைக்கு மேல் எடுப்பதையும் விதி அனுமதிக்கிறது. பிரிந்த கைகள் அதற்கும் வசதி. கோத்த கைகளை அவிழ்த்து உயர்த்துவதற்குள் பந்து முகத்துக்கு வந்துவிடும்.

இந்த நிலையை எந்நேரமும் இறுக்கமாகப் பிடித்திருக்கவும் கூடாது. நடுவர் விசில் ஊதியபின் சர்வீஸ் போட எட்டுச் செக்கன் அவகாசம் உண்டு. அவ்வளவு நேரமும் தொடை இறுகக் குனிந்து நின்றால், பந்து வரும்போது கால்கள் மரத்திருக்கும். அனுபவமுள்ளவர்கள் இதை இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். விசில் கேட்டதும் முழங்கால்களில் கை ஊன்றித் தளர்வாகக் குனிவார்கள். எதிராளி பந்தை மேலே வீசியதும் கைகளை எடுத்து முழு நிலைக்கு வருவார்கள். அவர் கை பந்தில் படும் கணத்தில் இரு பாதங்களாலும் மிகச் சிறிய ஒரு துள்ளல். தரையை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்ப வேண்டியதில்லை. இறங்கும்போது தசைகள் முறுக்கேறி, எந்தத் திசைக்கும் உந்தும் நிலையில் இருக்கும். டென்னிஸ் ஆட்டக்காரர்கள் எதிராளி அடிக்கும்போது செய்வதும் இதையேதான். சீக்கிரம் துள்ளினால் பயனில்லை, தாமதித்தால் கேடு. தயார் நிலையில் பழக ஆகக் கடினமான பகுதி எது என்று கேட்டால் இந்த நேரக்கணிப்பைத்தான் சொல்ல வேண்டும். பாதம், முழங்கால், கை எல்லாவற்றையும் ஒரு பின்னேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இதற்கு மாதக்கணக்கு வேண்டும்.

கண்ணுக்கும் வேலை உண்டு. பந்து வலையைத் தாண்டிய பிறகு பார்க்கத் தொடங்குபவர் பாதி நேரத்தை இழந்துவிட்டார். எதிராளி கோட்டுக்கு எவ்வளவு பின்னால் நிற்கிறார், தோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பந்தை எவ்வளவு உயரம் வீசுகிறார் என்பவை முதலில். உயரமாகவும் முன்பக்கமாகவும் வீசினால் பாய்ந்து அடிக்கப் போகிறார். தாழ்வாக வீசி, அடித்த கையை உடனே நிறுத்திக்கொண்டால் சுழலாத மிதக்கும் சர்வீஸ். கை பந்தின் மேல் உருண்டு இறங்கினால் முன்சுழற்சி, அந்தப் பந்து சட்டென்று கீழே இறங்கும். மிதக்கும் சர்வீஸ்தான் பலரையும் ஏமாற்றுகிறது. சுழற்சி இல்லாததால் அதன் மேற்பரப்பைத் தழுவிப் போகும் காற்று ஒரே சீராகப் பிரிவதில்லை. தையல்களும் மடிப்புகளும் இருக்கும் இடத்துக்கேற்ப பந்து இப்படியும் அப்படியும் விலகும். அதை நேராக வரும் என்று நம்பி நடுவழியிலேயே கைகளை நீட்டி வைப்பவர் தோற்பார். கடைசி வரை பாதங்களைச் சிறு சிறு அடிகளாக அசைத்துக்கொண்டிருப்பவர் எடுப்பார்.

இங்கே நானுஓயாவுக்கே உரிய ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். 1885இல் ரயில் பாதை வந்து சேர்ந்த இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கும் மேல் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. காற்றின் அடர்த்தி குறைந்தால் பந்தைப் பிடித்திழுக்கும் விசையும் குறையும். ஒரே அளவு பலத்தோடு அடித்த சர்வீஸ் இங்கே சற்று வேகமாக வந்து, ஒரு முழம்வரை கூடுதல் ஆழத்தில் விழக்கூடும். முன்சுழற்சிப் பந்தின் இறக்கமும் கொஞ்சம் பிந்தும். கீழ்நாட்டிலிருந்து வரும் அணி முதல் சில சர்வீஸ்களைத் தோளுக்குப் பக்கத்தில் சந்தித்துத் தடுமாறுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மலையில் ஆடும்போது வழக்கமான இடத்திலிருந்து அரை அடி பின்னால் நிற்பது வீண் போகாது. பொதுவாகவே பின்னோக்கி ஓடி எடுப்பதைவிட முன்னோக்கி வந்து எடுப்பது எளிது.

பந்தும் மாறுகிறது. ரயிலில் மேலே வரும்போது பிஸ்கட் பைக்கற்றுகள் உப்புவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய உள்ளே அடைபட்ட காற்று வெளியே தள்ளுகிறது. கொழும்பில் காற்று நிரப்பிக் கொண்டுவந்த பந்துக்கும் அதே கதிதான். விதிப்படி பந்தின் உள்ளழுத்தம் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 0.30 முதல் 0.325 கிலோகிராம் வரை இருக்க வேண்டும். மலைக்கு வந்ததும், குளிரால் கொஞ்சம் குறைந்தாலும், மொத்தத்தில் அது கூடிவிடும். கல்லுப்போன்ற பந்து முன்கையில் பட்டுத் தெறித்துப் போகும், வலிக்கவும் செய்யும். வலிக்குப் பயந்த பிள்ளை பந்து வரும்போது உடலைப் பின்னால் சாய்த்துக்கொள்ளும். தயார் நிலை அங்கேயே உடைந்துபோகும். ஆட்டம் தொடங்குமுன் திடலிலேயே அழுத்தமானியால் அளந்து, மிகுதிக் காற்றை விட்டுவிடுவது ஒரு நிமிட வேலை.

ஆறு பேர் நிற்கும் களத்தில் யார் எங்கே நிற்பது என்பது அடுத்தது. ஆரம்ப நிலை அணிகள் ஐந்து பேரை ஆங்கில எழுத்து டபிள்யூ வடிவில் நிறுத்துகின்றன. முன்னால் மூவர், பின்னால் இருவர், செட்டர் வலையோரம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இது பொருத்தமானது, ஒவ்வொருவரும் காக்க வேண்டிய இடம் சிறியது. உயர்மட்ட அணிகள் மூவரை மட்டும் பின்னால் நிறுத்தி மற்றவர்களை ஒதுக்கிவிடும். 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க ஆண்கள் அணியில், பயிற்றுநர் டக் பீல் அதையும் தாண்டி கார்ச் கிராய், ஆல்டிஸ் பெர்சின்ஸ் என்ற இருவரிடமே சர்வீஸ் எடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். இதில் திறமையான இருவர் நிறைய இடத்தைக் காப்பது, ஆறு பேரும் தயங்குவதைவிட மேல் என்பது அவர் கணிப்பு. 1998இல் லிபரோ என்ற தனிப் பொறுப்பு விதிகளில் சேர்ந்த பிறகு, சர்வீஸ் எடுப்பதும் பந்து காப்பதுமே தொழிலான ஒரு வீரர் ஒவ்வொரு அணிக்கும் கிடைத்தார். உயரம் குறைந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தில் திறந்த பெரிய கதவு அது. மலையகப் பாடசாலைகள் இந்த இடத்துக்கு ஆள் தேடுவதில் இன்னும் அக்கறை காட்டலாம்.

இருவருக்கு நடுவே விழும் பந்துதான் அதிகம் தவறுகிறது. இருவரும் தயாராகத்தான் நிற்பார்கள், இருவரும் மற்றவர் எடுப்பார் என்று நினைப்பார்கள். இதற்கு மருந்து இரண்டு. நடுவே வரும் பந்து யாருடையது என்று சர்வீசுக்கு முன்பே பேசி வைப்பது ஒன்று. எடுப்பவர் "நான்!" என்று உரக்கச் சொல்வது மற்றது. வெட்கப்பட்டு மெதுவாகச் சொல்லும் குரல் பனிமூட்டத்தில் அடுத்தவருக்குக் கேட்காது. பேசாத மற்றவர்களும் சும்மா நிற்பதற்கில்லை. எடுப்பவரின் பக்கம் திரும்பி, சிதறும் பந்துக்குத் தயாராக வேண்டும். வலையில் உரசி விழும் சர்வீசும் இப்போதைய விதியில் ஆட்டத்தில் உண்டு என்பதால், முன்வரிசையில் இருப்பவர் கண்ணயரக் கூடாது. தோளுக்கு மேல் வேகமாகப் போகும் பந்து பெரும்பாலும் வெளியே விழும். அதை விட்டுவிடச் சொல்வது பின்னால் நிற்பவரின் பொறுப்பு.

பந்து வந்து சேரும் கணத்தில் தயார் நிலையின் பலன் தெரியும். பாதங்கள் நின்றிருக்க வேண்டும், ஓடிக்கொண்டே எடுக்கும் பந்து ஓடும் திசைக்கே போகும். ஒரு கையின் மேல் மறு கையை வைத்துப் பெருவிரல்களை இணையாக நிறுத்தி, மணிக்கட்டைக் கீழே அழுத்தினால் முன்கைகள் ஒரு பலகைபோல் ஆகும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே பந்து பட வேண்டும். வேகமாக வரும் பந்துக்குக் கையை வீசத் தேவையே இல்லை. பலகையைச் செட்டரை நோக்கிச் சாய்த்துக் காட்டினால், வந்த வேகத்திலேயே பந்து எழும்பிப் போகும். மெதுவான பந்துக்கு முழங்காலை நிமிர்த்தி உயரம் கொடுக்கலாம்.

கற்பிக்கும் வரிசையில் அவசரம் ஆகாது. முதல் சில நாட்கள் பந்தே வேண்டியதில்லை. பயிற்றுநர் கை காட்டும் பக்கம் இரண்டடி நகர்ந்து, நின்று, மீண்டும் பழைய நிலைக்கு வருவது மட்டும். அடுத்து, எதிரே நிற்பவர் நான்கு மீற்றர் தூரத்திலிருந்து இரு கையாலும் எறியும் பந்தைப் பிடிப்பது. ஆம், அடிப்பதில்லை, முழங்கால் உயரத்தில் இரு கையாலும் பிடிப்பது. பிடிக்க முடிந்தால் கால் சரியான இடத்துக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். அதன்பின் முன்கையால் எடுப்பது, பிறகு வலைக்கு அப்பால் மூன்று மீற்றர்க் கோட்டிலிருந்து போடும் கீழ்கை சர்வீஸ், பிறகு ஆறு மீற்றர், கடைசியில் முழுத் தூரம். நேராக முழுத் தூரத்தில் தொடங்கும் பயிற்சியில் பிள்ளைகள் பயத்தைத்தான் பழகுகிறார்கள்.

முன்னேற்றத்தை அளக்க ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். செட்டர் எந்தத் தாக்குதலையும் தொடங்கும்படி வந்த பந்துக்கு 3, அவர் சில அடி நகர்ந்து எடுத்தால் 2, எப்படியோ உயர்த்தி அடுத்த பக்கம் அனுப்ப மட்டும் முடிந்தால் 1, புள்ளி போனால் 0. இருபது சர்வீஸ்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் யார் எங்கே நிற்கிறார் என்பது தெரியும். எண்ணோடு சேர்த்து, 0 விழுந்த ஒவ்வொரு முறையும் குதிகால் ஊன்றியிருந்ததா, கை முன்பே கோத்திருந்ததா, துள்ளல் பிந்தியதா என்று ஒரு சொல்லைக் குறித்து வைத்தால், அடுத்த நாள் எதில் தொடங்குவது என்று பயிற்றுநருக்குக் குழப்பம் இருக்காது.

மலையகத்துப் பயிற்சிக்கு இன்னும் ஓர் ஏற்பாடு தேவை. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை திடல் ஈரமாகவும் பந்து கனமாகவும் இருக்கும். ஈரத் தரையில் பாதங்களை வழக்கத்தைவிட அகலமாக வைத்து, நீண்ட எட்டுக்குப் பதில் குறுகிய அடிகளால் நகர்ந்தால் வழுக்காது. பந்தைத் துடைக்கக் கோட்டோரம் ஒரு பழைய துணி இருக்கட்டும். குளிர்ந்த காலையில் முன்கைத் தோல் சிவந்து எரியும், மூட்டுகள் இறுகியிருக்கும். பத்து நிமிடம் ஓடி, குந்தி எழுந்து, கைகளைச் சுழற்றிச் சூடேற்றிய பிறகே முதல் சர்வீசைப் போட விட வேண்டும். இரு வரிசைகளாக நின்று மெதுவாக எறிந்து பிடிப்பதில் தொடங்கினால், வலை கட்டி முடிவதற்குள் உடலும் தயாராகிவிடும்.